சிப் ஒன்று, லைப்ரரி இன்னொன்று: எந்த வழியில் இன்ஸ்டால் செய்வது?

புதிதாக வாங்கிய மேக்புக்கில் பழைய புராஜெக்ட்டை இறக்கி, பைத்தானில் நம்பை லைப்ரரியை இம்போர்ட் செய்தால் திரை நிறையப் பிழைச் செய்தி கொட்டுகிறது. படிக்க வேண்டியது அதன் கடைசி வரியை மட்டும்தான்: கோப்பு இருக்கிறது, ஆனால் ஆர்க்கிடெக்சர் ஒத்துவரவில்லை, இருப்பது எக்ஸ்86-64, வேண்டியது ஆர்ம்64. லினக்ஸில் இதே சிக்கல் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று மூன்றே சொல்லில் முடிந்துவிடும். விண்டோஸில் ‘இந்த வீல் இந்தத் தளத்துக்கு ஆகாது’ என்று பிப் கைவிரிக்கும். சில நேரம் ‘அப்படி ஒரு பதிப்பே கிடைக்கவில்லை’ என்றும் சொல்லும். லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் லைப்ரரி உலகத்திலேயே இல்லாததுபோல.

தீர்வு தேடினால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ரொசெட்டா போடு, கோண்டாவுக்கு மாறு, டாக்கரில் ஓட்டு, சோர்ஸிலிருந்து கம்பைல் செய். எதுவும் பொய்யில்லை, ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு வேலை செய்ததுதான். ஒன்றன் மேல் ஒன்றாக அத்தனையையும் போட்டுப் பார்க்கிறவருக்குத்தான் கணினி குப்பைமேடாகிறது. எந்தச் சூழலில் எது என்பதற்கே இந்த வழிகாட்டி. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இயந்திரத்துக்கு ஏற்ற லைப்ரரியைத் தேடுங்கள், லைப்ரரிக்காக இயந்திரத்தை வேடம் போடவைப்பது கடைசிப் பட்சம். நிரல் இறுதியில் ஓடப்போவது வேறொரு இயந்திரத்தில் என்றால் மட்டும் கணக்கு மாறும்.

கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே பிசகுகிறது

ஒரு பிராசஸருக்கு அதன் சொந்த இயந்திரக் கட்டளைகள் மட்டுமே புரியும். மேசைக் கணினிகளிலும் ஏராளமான சர்வர்களிலும் இருப்பது, இன்டெல் 1978-ல் வெளியிட்ட 8086 சிப்பின் வழிவந்த எக்ஸ்86 குடும்பம். அதை 64 பிட்டுக்கு நீட்டி 2003-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஏஎம்டி. ஆர்ம் குடும்பம் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனத்தில் 1985-ல் பிறந்து, கைபேசிகளில் வளர்ந்தது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சிப்பை மேக்கில் வைத்தபோது, அதுவரை எம்பெட்டட்காரர்களின் தலைவலியாக இருந்தது பைத்தான் எழுதும் எல்லோருடைய தலைவலியும் ஆனது.

ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் புழங்குவது குழப்பத்தை இரட்டிப்பாக்குகிறது. எக்ஸ்86-64, எக்ஸ்64, ஏஎம்டி64 மூன்றும் ஒன்றுதான். இன்டெல் சிப் உள்ள கணினியிலும் டெபியன் லினக்ஸ் ஏஎம்டி64 என்றே எழுதும். ஆப்பிள் ஆர்ம்64 என்று சொல்வதை லினக்ஸின் யூநேம் கட்டளை ஏஆர்ச்64 என்று காட்டும். பிழைச் செய்தியில் பெயர் வேறாக இருப்பதாலேயே சிப்பும் வேறு என்று முடிவுகட்ட வேண்டாம்.

பைத்தானிலேயே முழுக்க எழுதிய லைப்ரரி எந்தச் சிப்பிலும் ஓடும், ரெக்வெஸ்ட்ஸ் அப்படிப்பட்டது. சிக்கல் தருபவை, வேகத்துக்காக உள்ளே சி, சி++, ஃபோர்ட்ரான், ரஸ்ட் என்று எழுதி, கம்பைல் செய்து வைத்திருப்பவை: நம்பை, பாண்டாஸ், பில்லோ, சைகோபிஜி2, டென்சர்ஃப்ளோ. இவை பெரும்பாலும் பைபிஐ கிடங்கில் ‘வீல்’ என்ற கோப்புகளாகக் கிடைக்கின்றன. வீலின் பெயரிலேயே எல்லாம் எழுதியிருக்கும்: லைப்ரரியின் பெயர், பதிப்பு, எந்தப் பைத்தானுக்கு, கடைசியில் எந்தத் தளத்துக்கு. அந்தக் கடைசித் துண்டு ‘எனி’ என்று முடிந்தால் எங்கும் ஓடும். ‘மேக்ஓஎஸ்எக்ஸ்_11_0_ஆர்ம்64’ என்றிருந்தால் மேக்ஓஎஸ் 11 அல்லது அதற்குப் பிந்தியது உள்ள ஆர்ம் மேக்கில் மட்டும். இன்ஸ்டால் கட்டளையை அடிக்கும் முன் பைபிஐயில் அந்த லைப்ரரியின் கோப்புப் பட்டியலைத் திறந்து, நம் தளத்துக்கு வீல் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலானோர் செய்யாத வேலையும் அதுதான்.

இயந்திரம் எது என்பதல்ல, பைத்தான் எது என்பதே கேள்வி

‘என்னுடையது எம்2 மேக், அப்படியானால் ஆர்ம்தானே’ என்பார்கள். சிப் ஆர்ம்தான். அதன்மேல் ஓடும் பைத்தான் எக்ஸ்86 ஆக இருக்கலாம். பிப் வீலைத் தேர்ந்தெடுப்பது தன்னை ஓட்டும் பைத்தானைப் பார்த்து. சிப்பைப் பார்த்து அல்ல. ஒரு புராசஸுக்குள் இரண்டு ஆர்க்கிடெக்சரின் நிரல் கலக்கவே முடியாது. இந்த ஒரு விதி மனதில் நின்றுவிட்டால் பிழைச் செய்திகளில் பாதிக்குமேல் தானாகப் புரிந்துவிடும்.

பைத்தான் எது என்று பைத்தானையே கேட்கலாம்: பிளாட்ஃபார்ம் மாட்யூலை இம்போர்ட் செய்து அதன் மெஷின் ஃபங்ஷனை அழைத்தால் மேக்கில் ஆர்ம்64 அல்லது எக்ஸ்86-64 என்று பதில் வரும். எக்ஸ்86 நிரலை ஆர்ம் மேக்கில் ஓடவைக்கும் ஆப்பிளின் ரொசெட்டாவில் ஓடும் பைத்தான் தன்னை எக்ஸ்86-64 என்றே சொல்லிக்கொள்ளும். அதுதான் நமக்கு வேண்டிய பதிலும். ‘பிப் டீபக் --வெர்போஸ்’ என்று அடித்தால், தான் ஏற்கும் வீல் வகைகளை எல்லாம் பிப் வரிசையாகக் காட்டும்.

இரண்டு இடங்களில் இந்தச் சோதனையே ஏமாற்றும். ஒன்று விண்டோஸ். 64 பிட் விண்டோஸில் 32 பிட் பைத்தானைப் போட்டிருந்தாலும் மெஷின் ஃபங்ஷன் ஏஎம்டி64 என்றே சொல்லும், ஏனென்றால் அது கணினியைச் சொல்கிறது. அங்கே சிஸ்கான்ஃபிக் மாட்யூலின் கெட்_பிளாட்ஃபார்ம் ஃபங்ஷனைக் கேளுங்கள். வின்32 என்று வந்தால் கள்ளன் அகப்பட்டான். பைத்தான் தளத்தின் மஞ்சள் டவுன்லோட் பொத்தான் விண்டோஸுக்கு 32 பிட் பதிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது 3.9 பதிப்புக்கு முன்புவரை. டென்சர்ஃப்ளோவுக்கோ 32 பிட் விண்டோஸ் வீல் கிடையாது. ‘டென்சர்ஃப்ளோ கிடைக்கவில்லை’ என்று கல்லூரி லேப்களில் மாணவர்கள் விழித்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 64 பிட் பைத்தானைப் போட்டால் அந்த வியாதி அத்தோடு தீர்ந்தது. வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

இன்னொன்று ராஸ்பெரி பை. 32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ் போட்ட புதிய பைகளிலும் இப்போதெல்லாம் கெர்னல் மட்டும் 64 பிட்டாக எழுந்து நிற்கிறது. யூநேம் ஏஆர்ச்64 என்று அடித்துச் சொல்லும். மேலே ஓடும் மென்பொருள் எல்லாம் 32 பிட். ‘டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்சர்’ என்று கேட்டால்தான் உண்மை வரும்: ஆர்ம்ஹெச்எஃப் என்றால் 32, ஆர்ம்64 என்றால் 64.

மேக்கில் பைத்தான் எக்ஸ்86 ஆகிப்போவதற்கு வழக்கமான காரணம், பழைய இன்டெல் மேக்கிலிருந்து மைக்ரேஷன் அசிஸ்டன்ட் வழியாக எல்லாவற்றையும் அப்படியே புது மேக்குக்குக் கொண்டுவந்தது. படங்களும் கடிதங்களும் வருவதுபோல இன்டெல் ஹோம்ப்ரூவும் அதன் பைத்தானும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ஹோம்ப்ரூ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘ஆப்ட்’ அடைவுக்குள் ‘ஹோம்ப்ரூ’ என்றிருந்தால் ஆர்ம். ‘யூஎஸ்ஆர்’ அடைவின் ‘லோக்கல்’ என்றால் பழைய இன்டெல். இரண்டும் இருந்தால் யார் முந்துகிறார்கள் என்பதைப் பாத் மாறி முடிவுசெய்கிறது; விபரீதமான பிழைகள் பிறப்பது அங்கேதான். சைகோபிஜி2 நல்லபடியாகக் கம்பைல் ஆகிவிட்டு, ஓடும்போது போஸ்ட்கிரெஸ் சிம்பல் காணோம் என்று சொன்னால், ஆர்ம் பைத்தான், போஸ்ட்கிரெஸின் சி லைப்ரரியான லிப்பிக்யூவின் இன்டெல் பதிப்பைப் போய்த் தொட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

டெர்மினலையும் கவனியுங்கள். ‘ரொசெட்டாவில் திற’ என்று எப்போதோ டிக் அடித்த டெர்மினலிலிருந்து கிளம்பும் எல்லாமே, இரண்டு ஆர்க்கிடெக்சரும் உள்ளடங்கிய யுனிவர்சல் பைத்தான் உட்பட, எக்ஸ்86 பக்கமே சாயும். விஎஸ் கோடின் இன்டெல் பதிப்பைப் போட்டிருந்தால் அதன் உள்ளே திறக்கும் டெர்மினலுக்கும் இதே கதி.

முதலில் பதிப்பை உயர்த்திப் பாருங்கள்

பைத்தான் சரியாக ஆர்ம் என்று தெரிந்தபிறகும் வீல் கிடைக்கவில்லை என்றால், ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பைத் திறந்து ஆண்டுக் கணக்குப் பாருங்கள். நம்பை 1.19.5 என்று பூட்டிவைத்திருக்கிறீர்களா? ஆர்ம் மேக்குக்கான நம்பை வீல்கள் 2021-ல் 1.21 பதிப்போடுதான் வந்தன. டென்சர்ஃப்ளோ 2023-ன் 2.13 பதிப்பிலிருந்து வழக்கமான பெயரிலேயே ஆர்ம் மேக்கில் இன்ஸ்டால் ஆகிறது. அதற்கு முன் ‘டென்சர்ஃப்ளோ-மேக்ஓஎஸ்’ என்று தனிப் பொதியைத் தேட வேண்டியிருந்தது. லினக்ஸ் ஆர்மில் 2019-ல் வரையறுத்த மெனிலினக்ஸ்2014 தரம் வந்தபிறகு வீல்கள் பெருகின. பைத்தான் வட்டத்துக்கு வெளியிலும் கதை இதுதான்: நோட்ஜேஎஸ் 16, 2021-ல் வந்தது, அதிலிருந்துதான் ஆர்ம் மேக்குக்கு நேரடிப் பதிப்பு.

ஆகவே, பூட்டிய பதிப்பை அவிழ்த்து உயர்த்துவது எனக்கு எப்போதும் முதல் தேர்வு. ‘உயர்த்தினால் பழைய நிரல் உடையும்’ என்பார்கள். உடையத்தான் செய்யும். நம்பையின் விலக்கிய பெயர்கள் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும், டெஸ்ட் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் அது என்றைக்கிருந்தாலும் செய்ய வேண்டிய வேலை. மற்ற வழிகளில் செலவாகும் நேரம் அந்தக் கணினியோடு போய்விடும். இதில் செலவானது நிரலில் தங்கும். ஆய்வுக் கட்டுரை ஒன்றின் முடிவை அதே பதிப்பில் திரும்ப எடுத்துக்காட்ட வேண்டும் என்பதுபோல, பதிப்பைத் தொடவே கூடாத கட்டாயம் இருந்தால் மட்டும் கீழே படியுங்கள்.

கோண்டாவா, கம்பைலா

பைபிஐயில் வீல் போடுவது அந்தந்த லைப்ரரிக்காரர் பொறுப்பு. அவருக்கு ஆர்ம் மேக் கையில் இல்லை என்றால் வீலும் இல்லை. கோண்டா-ஃபோர்ஜ் என்ற தன்னார்வலர் கூட்டமோ லைப்ரரிகளைத் தாங்களே எடுத்து, எல்லாத் தளங்களுக்கும் கம்பைல் செய்து கொடுக்கிறது. பைத்தானோடு நில்லாமல் அது சார்ந்திருக்கும் சி லைப்ரரி, ஃபோர்ட்ரான் ரன்டைம் எல்லாமே ஒரே ஆர்க்கிடெக்சரில் சேர்ந்து வரும். ஜிடால் போன்ற புவியியல் லைப்ரரிகளைத் தனியாக இன்ஸ்டால் செய்து நொந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கோண்டாவைப் போடுவதானால் மினிஃபோர்ஜ் இன்ஸ்டாலர் வழியாகப் போடுங்கள், அனகோண்டா வழியாக அல்ல. இதில் தொழில்நுட்பத்தைவிட உரிமம்தான் பெரிது: 2020-லிருந்து, 200 பேருக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அனகோண்டாவின் சொந்தக் கிடங்கைக் கட்டணமின்றிப் பயன்படுத்த முடியாது. ஐடி நிறுவனத்தின் லேப்டாப்பில் அறியாமல் போட்டுவிட்டுப் பிறகு சட்டப் பிரிவுக்கு விளக்கம் எழுதுவதெல்லாம் வேண்டாத வேலை. மினிஃபோர்ஜ் கோண்டா-ஃபோர்ஜிலிருந்தே எடுக்கும்.

கோண்டாவின் குறை, அது பிப்போடு அரைகுறையாகவே ஒத்துப்போகும் என்பது. ஒரே என்விரான்மென்ட்டில் முதலில் கோண்டா, கடைசியில் மிச்சமிருப்பதற்கு மட்டும் பிப் என்ற வரிசையை மீறினால் சார்புகள் ஒன்றையொன்று மிதிக்கும். புராஜெக்ட் முழுக்கப் பிப்பில் இருந்து, வராதது ஒரே ஒரு லைப்ரரி என்றால், அதற்காகக் கோண்டாவுக்குக் குடிபெயர்வது எனக்கு உவப்பில்லை.

அந்த ஒரே லைப்ரரிக்குக் கம்பைல் செய்வது பொருந்தலாம். வீல் இல்லாவிட்டால் பிப் தானாகவே சோர்ஸை இறக்கிக் கம்பைல் செய்ய ஆரம்பித்துவிடும். மேக்கில் எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் டூல்ஸ் இருந்தால் சிறிய சி லைப்ரரி ஓரிரு நிமிடத்தில் ஆகிவிடும். பெரியவற்றில் கதை வேறு. கிரிப்டோகிராஃபி லைப்ரரிக்கு 2021-லிருந்து ரஸ்ட் கம்பைலர் வேண்டும். சைபைக்கு ஃபோர்ட்ரான் வேண்டும். நம்பை கம்பைல் ஆனாலும், ஓபன்பிளாஸ் போன்ற கணித லைப்ரரி சிக்காமல் ஆகியிருந்தால் மேட்ரிக்ஸ் பெருக்கல் நொண்டும், பிழை எதுவும் காட்டாமலே. கம்பைல் வழியில் நான் அதிகம் பயப்படுவது இந்த வகை வெற்றிக்குத்தான். பிப் உங்களைக் கேட்காமல் கம்பைலில் இறங்குவதைத் தடுக்க ‘--ஒன்லி-பைனரி=:ஆல்:’ என்று சேர்த்து அடியுங்கள். வீல் இல்லையென்றால் உடனே நின்றுவிடும். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். முன்பு வேறொரு ஆர்க்கிடெக்சரில் கட்டியது கேஷில் கிடந்து திரும்ப வருவதாகத் தோன்றினால் ‘--நோ-கேஷ்-டிர்’.

ராஸ்பெரி பையில் கம்பைல் என்பது பொறுமைக்கு வைக்கும் பரீட்சை. பை ஜீரோவில் 512 எம்பி மெமரிதான்; பெரிய லைப்ரரி மணிக்கணக்கில் ஓடி, மெமரி போதாமல் பாதியில் சாகும். 32 பிட் பைக்கென்றே பைவீல்ஸ் என்ற திட்டம் இருக்கிறது; பைபிஐயில் உள்ளவற்றை ஆர்மில் கம்பைல் செய்து வீலாக வைத்திருக்கிறார்கள். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் பிப் அதைப் பார்க்கும்படி ஏற்கெனவே அமைத்திருக்கிறது. அதிலும் இல்லையென்றால், பிப்பை விட்டு, ‘ஏபிடி’ கட்டளை வழியாக டெபியனின் பைத்தான்3-நம்பை பொதியைப் போடுங்கள். பதிப்பு கொஞ்சம் பழசாக இருக்கும், ஆனால் ஓடும். பை 3 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், கார்டைத் துடைத்து 64 பிட் ஓஎஸ்ஸைப் போடுவதே என் பரிந்துரை. 2022 பிப்ரவரியில் அது அதிகாரபூர்வமாக வந்துவிட்டது. பைபிஐயின் ஏஆர்ச்64 வீல்கள் நேராக ஏறும்.

வேடம் போடும் வழிகள்

தேர்தல் பொதுக்கூட்டத்தில் டெல்லித் தலைவர் இந்தியில் பேச, பக்கத்தில் நிற்பவர் வரிக்கு வரி தமிழில் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். க்யூஇமு எமுலேட்டர் அப்படித்தான்: எக்ஸ்86 கட்டளைகளை ஓட ஓட ஆர்முக்கு மாற்றிச் சொல்லும். ரொசெட்டா 2, பேச்சை முன்கூட்டியே கேட்டு வாங்கி, எழுதிவைத்துக்கொண்டு மேடையேறுகிறவர். நிரலைப் பெரும்பகுதி முதலிலேயே மொழிமாற்றி வைத்துவிடுகிறது. ஆப்பிள் தன் சிப்பிலேயே எக்ஸ்86-ன் மெமரி ஒழுங்கைப் பின்பற்றும் ஒரு வசதியையும் வைத்திருப்பதால் வேகம் பெரிதாக விழுவதில்லை.

ரொசெட்டா வழியில் பைத்தான், ஹோம்ப்ரூ, என்விரான்மென்ட் மொத்தமும் எக்ஸ்86 ஆகத் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ள வேண்டும். கட்டளைக்கு முன் ‘ஆர்ச் -எக்ஸ்86_64’ சேர்த்து ஓட்டலாம். கோண்டாக்காரர்களுக்கு இன்னும் எளிது: கோண்டா_சப்டிர் மாறியை ‘ஓஎஸ்எக்ஸ்-64’ என்று வைத்து என்விரான்மென்ட்டை உருவாக்கினால் அது முழுக்க இன்டெல்லாகவே பிறக்கும், மற்ற என்விரான்மென்ட்களைத் தொடாது. ரொசெட்டாதான் வேண்டுமென்றால் நான் கைகாட்டுவது இந்த வழியை.

ஆனால் ரொசெட்டாவை எதிர்காலத்துக்கு நம்பாதீர்கள். டென்சர்ஃப்ளோவின் எக்ஸ்86 வீல்கள் 2018-ன் 1.6 பதிப்பிலிருந்தே ஏவிஎக்ஸ் கட்டளைகளை எதிர்பார்ப்பவை. ரொசெட்டாவுக்கோ 2024-ன் மேக்ஓஎஸ் செக்கோயா வரும்வரை ஏவிஎக்ஸ் தெரியாது. இன்ஸ்டால் ஒழுங்காக முடியும், இம்போர்ட் செய்த கணமே ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று செத்துப்போகும். பைடார்ச் 2.3 பதிப்பிலிருந்து இன்டெல் மேக்குக்கு வீல் கட்டுவதையே நிறுத்திவிட்டது, ஆகவே ரொசெட்டாவுக்குள் போனால் நீங்கள் 2.2-லேயே நிற்பீர்கள். ஆப்பிளும் 2025-ல் நாள் குறித்துவிட்டது: மேக்ஓஎஸ் 27 வரை ரொசெட்டா முழுமையாக இருக்கும், அதற்குப் பிறகு பழைய விளையாட்டுகள் சிலவற்றுக்கான மிச்சம் மட்டுமே. பவர்பிசியிலிருந்து இன்டெல்லுக்கு மாறியபோது 2006-ல் வந்த முதல் ரொசெட்டாவை 2011-ன் லயனில் எடுத்த நிறுவனம் இது, சொன்னால் செய்வார்கள்.

ஆர்ம் விண்டோஸில் மட்டும் என் சாய்வை நானே தளர்த்திக்கொள்கிறேன். பைத்தானின் அதிகாரபூர்வ ஆர்ம்64 விண்டோஸ் இன்ஸ்டாலர் 2022-ல் 3.11-உடன் வந்தது என்றாலும், லைப்ரரிகள் மெதுவாகத்தான் பின்தொடர்கின்றன. நம்பைக்கே 2025-ல்தான் வீல் வந்தது. விண்டோஸ் 11-ன் எமுலேஷன் எக்ஸ்64 பைத்தானைத் தொந்தரவில்லாமல் ஓட்டுகிறது. தரவு அறிவியல் வேலைக்கு ஸ்னாப்டிராகன் லேப்டாப் வாங்கியவர்கள் இப்போதைக்கு எக்ஸ்64 பைத்தானையே போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

எந்த வேடமும் உதவாத இடமும் உண்டு. கூடா என்பது என்விடியா ஜிபியுவுக்கானது, 2019-ன் 10.2 பதிப்போடு மேக்குக்கான கூடா நின்றுவிட்டது. கூடாவை நம்பி எழுதிய லைப்ரரியை மேக்கில் எப்படி இன்ஸ்டால் செய்தாலும் பயனில்லை. கூகுள் கோலாபையோ கல்லூரியின் ஜிபியு சர்வரையோ திறந்து வேலையைப் பாருங்கள்.

ஓடப்போவது வேறிடம் என்றால்

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும் நிரலுக்கு. ஆர்ம் மேக்கில் எழுதி எக்ஸ்86 சர்வரில் ஓட்டுகிறவருக்கு, மேக்கில் எது நன்றாக ஓடுகிறது என்பது இரண்டாம் கேள்வி.

இங்கேதான் டாக்கர் தன் இடத்துக்கு வருகிறது. மேக்கில் வெறுமனே பில்ட் செய்தால் ஆர்ம் இமேஜ்தான் உருவாகும். அதை எக்ஸ்86 சர்வருக்குத் தள்ளினால் முதல் வரியிலேயே எக்ஸெக் ஃபார்மட் எரர். ‘--பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64’ என்று சொல்லிப் பில்ட் செய்யுங்கள். க்யூஇமுவில் அது ஆமைவேகம். டாக்கர் டெஸ்க்டாப் அமைப்புகளில் ரொசெட்டாவைப் பயன்படுத்தும் வசதியை இயக்கினால் மூச்சுவிடலாம். அடிக்கடி பில்ட் ஆகும் புராஜெக்ட் என்றால் பில்டையே சிஐ சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். அது அநேகமாக எக்ஸ்86 ஆகவே இருக்கும், வேடமே தேவைப்படாது. அன்றாட எழுத்து வேலைக்கு மேக்கில் ஆர்ம் இமேஜ், வெளியீட்டுக்கு எக்ஸ்86 இமேஜ் என்று இரண்டையும் ஒரே டாக்கர்ஃபைலிலிருந்து டாக்கரின் பில்ட்எக்ஸ் கட்டித்தரும். சிறிய இமேஜ் என்று ஆசைப்பட்டு ஆல்பைனை அடிப்படையாக எடுத்தால் வேறொரு வம்பு: அது மியூசல் சி லைப்ரரியில் ஓடுவதால், சிப் சரியாக இருந்தும் மெனிலினக்ஸ் வீல் பொருந்தாது. மியூசல்லினக்ஸ் வீல் இல்லாத லைப்ரரிக்குக் கம்பைல்தான். ‘ஸ்லிம்’ இமேஜை எடுங்கள்.

ஏடபிள்யூஎஸ் லாம்டாவுக்கு டாக்கர்கூட வேண்டாம். மேக்கில் லைப்ரரிகளை ஒரு அடைவில் இறக்கி, ஜிப் செய்து ஏற்றினால் மேக் வீல்களே போய்ச்சேரும், ஓடாது. பிப்பிடமே ‘--பிளாட்ஃபார்ம் மெனிலினக்ஸ்2014_எக்ஸ்86_64’, ‘--ஒன்லி-பைனரி=:ஆல்:’, ‘--டார்கெட்’ என்று அடைவின் பெயர், பைத்தான் பதிப்பு ஆகியவற்றைச் சொன்னால், தான் எங்கே ஓடுகிறது என்பதை மறந்து லினக்ஸ் வீல்களை இறக்கித் தரும். அல்லது லாம்டாவையே ஆர்முக்கு மாற்றலாம்; 2021 முதல் அமேசானின் கிராவிடான் சிப்பிலும் லாம்டா ஓடுகிறது. அப்போது பிளாட்ஃபார்மின் பெயரில் எக்ஸ்86_64 என்ற இடத்தில் ஏஆர்ச்64. மேக் என்பதால் இந்த விருப்பங்கள் அப்போதும் தேவைதான்: சிப் ஒன்றானாலும் ஓஎஸ் வேறு.

டீமில் சிலரிடம் ஆர்ம் மேக், சிலரிடம் இன்டெல் லினக்ஸ் என்றிருந்தால், ஆளுக்கொரு ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு வைக்காதீர்கள். ஒரே கோப்பில், லைப்ரரியின் பெயருக்குப் பின் அரைப்புள்ளி போட்டு, ‘பிளாட்ஃபார்ம்_மெஷின்’ ஆர்ம்64 ஆகவும் ‘சிஸ்_பிளாட்ஃபார்ம்’ டார்வின் ஆகவும் இருந்தால் இந்தப் பதிப்பு, இல்லாவிட்டால் அந்தப் பதிப்பு என்று நிபந்தனை எழுத முடியும். பிப் அதை அந்தந்தக் கணினியில் பார்த்து எடுத்துக்கொள்ளும். ஏன் அந்த நிபந்தனை என்று பக்கத்திலேயே ஒரு வரி குறிப்பும் எழுதுங்கள், எந்தப் பதிப்பில் ஆர்ம் வீல் வந்ததும் அதை நீக்கலாம் என்பது உட்பட.